முதல் ஓட்டம் கணக்கில் வராது

பூவிழி எழுதிய எடைமேடை புரோகிராம் ஆறு இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஐந்து இடங்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு புளிக் கிடங்கு, ஒரு கல் கிரஷர், இரண்டு தீவன ஆலை, ஒரு பழைய இரும்புக் கடை. வண்டி மேடை ஏறும், எடை விழும், சீட்டு அடிக்கும், வண்டி இறங்கும். வேலை நடக்கிற வரைக்கும் எழுதியவளை யாருக்கும் ஞாபகம் வராது. கல் சுமந்தவளை மட்டும் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ஆறாவது இடம் மொரப்பூரைத் தாண்டி இருக்கிற மாங்கூழ் ஆலை. திங்கட்கிழமை காலையில் அந்த ஆலையின் மேலாளர் பானுமதி போன் செய்தார். பூவிழியின் முதலாளி மாதவராஜ் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். திட்டு விழுந்தால் எல்லோருக்கும் பங்கு போக வேண்டும் என்பது அவர் கொள்கை.

"ஒவ்வொரு வண்டிக்கும் முக்கா நிமிஷம் உங்க கம்ப்யூட்டர் யோசிக்குதுங்க. வண்டி உள்ள வர்றப்ப ஒரு தடவை, காலியா போறப்ப ஒரு தடவை. வாசல்ல நாப்பது டிராக்டர் நிக்குது. மாங்கா வெயில்ல வேவுது. வெவசாயிங்க என்னைத் திட்டறாங்க, நான் உங்களைத் திட்டறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஓசூர்லேர்ந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து கார்டு குடுத்துட்டுப் போயிருக்காங்க. அவங்களைக் கூப்பிட்டுக்குவேன்."

போன் வைக்கப்பட்டது. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேலே, நான்கு மேசை போட்ட அந்த அறையில் மாதவராஜ் பூவிழி பக்கம் திரும்பினார்.

மாதவராஜ் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்றவர். எந்த வயரை எதில் சொருகுவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புரோகிராம் எழுத ஒரு வரி தெரியாது. ஆனால் போனில் வீடியோ பார்ப்பார்.

"பூவிழி, நீ அதை எதுல எழுதினே?"

"வி.பி. டாட் நெட்டுலங்க."

"அது கெழட்டுப் பாஷையாமே."

"யாருங்க சொன்னது?"

மாதவராஜ் ஜன்னல் ஓர மேசையைப் பார்த்தார். அங்கே இளம்பரிதி திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பொம்மிடிக்காரன். பெங்களூரில் ஆறு வருடம் இருந்தவன். அங்கே கம்பெனி பாதிப் பேரை ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பிவிட, மூன்று மாதத்துக்கு முன்பு இங்கே வந்து சேர்ந்தான். எழுதுவதெல்லாம் சி ஷார்ப் மொழியில். கெட்டவன் இல்லை. டீ குடிக்கும்போது வாய் மட்டும் கொஞ்சம் நீளும்.

"நான் கெழடுன்னு சொல்லலைங்க சார்," என்றான். "இப்ப யாரும் புதுசா அதுல எழுதறதில்லைன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் மாதவராஜ். "முடிவு பண்ணிட்டேன். இளம்பரிதி சி ஷார்ப்புல புதுசா எழுதட்டும். பூவிழி, நீ சப்போர்ட் பாத்துக்க."

சப்போர்ட் என்றால் வாசல் ஓர மேசை. அதில் கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு போன் உண்டு. 'பிரின்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சு' என்று ஆறு ஊரிலிருந்தும் வருகிற கூப்பாட்டுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அந்த மேசைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி உள்ளே வந்ததில்லை. கடைசியாக அதில் உட்கார்ந்திருந்த கனிமொழி இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள், சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறாள்.

பூவிழிக்கு முப்பத்தொரு வயது. ஊர் இண்டூர். அப்பா சவுரியப்பனும் அம்மா குள்ளம்மாளும் கல் குவாரியில் உடைத்தார்கள், சுமந்தார்கள், லாரிக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் அவளும் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு கூடப் போனவள்தான். அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் தருமபுரியில் ஒரு சென்டரில் சேர்ந்தாள். அங்கே சி ஷார்ப்பும் சொல்லிக்கொடுத்தார்கள், வி.பி.யும் சொல்லிக்கொடுத்தார்கள். சி ஷார்ப் வகுப்பு மாலையில். முடிந்து வந்தால் இண்டூர் பஸ் போயிருக்கும். வி.பி. வகுப்பு காலையில். அதனால் வி.பி. ஒருத்தி எந்த மொழியில் எழுதுவாள் என்பதை ஒரு டவுன் பஸ் முடிவு செய்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை, பெருமைப்பட்டதும் இல்லை. ஏழு வருடமாக மாதவராஜின் அறையில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறாள். அதை விட்டு எழுந்து போய் வாசலில் உட்காரச் சொன்னால், கல்லை இறக்கி வைத்துவிட்டுப் போ என்பது போல லேசாகப் போய்விட முடியாது.

"ஓட விட்டுப் பாக்கலாங்க," என்றாள்.

"எதை?"

"ரெண்டு பாஷையையும்தான். ஒரே வேலை, ஒரே மிஷின். எது பிந்துதுன்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் என்னை வாசல்ல குந்த வைங்க."

மாதவராஜுக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். "நாளைக்குப் பத்து மணிக்கு," என்றார்.

*

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மாதவராஜ் கையில் போனோடு வந்து நின்றார். போனில் ஸ்டாப்வாட்ச்.

"சார், நேரத்தைக் கம்ப்யூட்டரே அளந்துக்கும்," என்றான் இளம்பரிதி.

"அது ஒரு பக்கம் அளக்கட்டும். நான் ஒரு பக்கம் அளக்கறேன்."

வேலை இதுதான். போன சீசனின் எடைச்சீட்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பத்து லட்சம் ஆக்கினார்கள். ஒவ்வொன்றிலும் லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழிக்க வேண்டும், ஊர் வாரியாகப் பிரிக்க வேண்டும், கூட்ட வேண்டும். அதையே நூறு தடவை. பூவிழி வி.பி.யில் எழுதினாள், இளம்பரிதி சி ஷார்ப்பில் எழுதினான்.

ஆரம்பிக்கும் முன் இளம்பரிதி கையைத் தூக்கினான். "ஒரு விதி இருக்குதுக்கா. மொத ஓட்டத்தைக் கணக்குல சேக்கக் கூடாது. தூக்கிப் போட்டுடணும். ரெண்டாவதுலேர்ந்துதான் எண்ணணும்."

"ஏன்? மொத ஓட்டம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மாதவராஜ்.

பூவிழி சொன்னாள். "சார், நீங்க ராகியைக் கல்லுல அரைங்க, மிஷின்ல அரைங்க, வர்றது மாவுதானே. வி.பி.யில எழுதினாலும் சி ஷார்ப்புல எழுதினாலும் ரெண்டுக்கும் அடியில இருக்கற டாட் நெட்டு அதை ஒரே மாவாத்தான் அரைச்சு வைக்குது. மாவை அப்படியே திங்க முடியாது. ஓட விடறப்பதான் அந்தந்த வூட்டு அடுப்புல களி கிண்டிக்குது. மொத ஆளுக்கு அடுப்பைப் பத்த வெச்சு, தண்ணி கொதிக்க வெச்சு, கிண்டணும். நேரம் ஆவும். அடுத்து வர்றவனுக்குச் சட்டியிலேர்ந்து உருண்டையை எடுத்து வெச்சா போதும்."

"பரவாயில்லையே," என்றான் இளம்பரிதி. "பெங்களூர்ல இதுக்கு ரெண்டு நாள் டிரெயினிங் குடுத்தாங்க."

முதல் ஓட்டத்தை மூவரும் ஒருமனதாகத் தூக்கிப் போட்டார்கள். பூவிழியும் தலையாட்டித்தான் போட்டாள்.

இரண்டாவது ஓட்டம். வி.பி. ஒன்பது புள்ளி எட்டு நொடி. சி ஷார்ப் ஏழு புள்ளி ஒன்று.

"ஆச்சு!" என்றார் மாதவராஜ். அவர் ஸ்டாப்வாட்ச் பன்னிரண்டு காட்டியது. அதை யாரும் கேட்கவில்லை.

பூவிழி இரண்டு எண்ணையும் மறுபடி படித்தாள். ஒரே மாவு என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு நிற்கிறாள். இரண்டே முக்கால் நொடி எங்கே போயிற்று? இளம்பரிதி பக்கம் திரும்பினாள். அவன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்தவன் நகம் பார்க்க மாட்டான்.

"இன்னா இளம்பரிதி? தெரிஞ்சா சொல்லு."

அவன் ஒரு மூச்சு விட்டான். "வி.பி. ஒவ்வொரு கூட்டலுக்கும் எண்ணு ரொம்பிப் போச்சான்னு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவும்க்கா. அளவுக்கு மேல போனா நிறுத்திடும். சி ஷார்ப் பாக்காது. நாமளா பாக்கச் சொன்னாத்தான் பாக்கும். அதை செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம்."

"அப்ப அவரு கண்ணை மூடிக்கிட்டு ஓடறாரு, நான் பாத்துப் பாத்து ஓடறேன்."

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"இதை ஏன் மொதல்லயே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே," என்றவன் உடனே, "சொல்லியிருக்கணும்," என்றான்.

வி.பி.யின் செட்டிங்ஸில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட விட்டார்கள். வி.பி. ஏழு புள்ளி இரண்டு, சி ஷார்ப் ஏழு புள்ளி ஒன்று. இன்னொரு தடவை. இந்த முறை வி.பி. ஏழு புள்ளி ஒன்று, சி ஷார்ப் ஏழு புள்ளி இரண்டு. பிறகு சி ஷார்ப்பையும் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடச் சொன்னார்கள். அதுவும் ஒன்பதே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தது.

மாதவராஜ் ஸ்டாப்வாட்சை அணைத்தார். "ரெண்டும் ஒண்ணுன்னா, அங்க முக்கா நிமிஷம் எங்க போவுது?"

கேள்வி சரியானது. அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததில் அவருக்கே கொஞ்சம் திகைப்பு.

"போன்ல கேட்டேங்க," என்றாள் பூவிழி. "எடைமேடைக்காரர் முனியப்பன் அண்ணன், வழக்கமா அமுக்கறதைத்தான் அமுக்கறேங்கறாரு. நான் இங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போய் ஓட்டிப் பாத்தேன். மூணு நொடிதான் ஆவுது."

"எனக்கு மூணு நொடி வேணாம். பானுமதி மேடத்துக்கு வேணும். நாளைக்கு ரெண்டு பேரும் நேர்ல போங்க. இளம்பரிதி, நீ ராவோட ராவா ஒரு சி ஷார்ப் எடைமேடை எழுதி வெச்சிருக்கேல்ல, அதையும் எடுத்துக்க. பூவிழியோடது அங்க சரியாகலைன்னா அதைப் போட்டுட்டு வா." பிறகு பூவிழியிடம், கொஞ்சம் தணிந்த குரலில், "வெள்ளிக்கிழமை நான் ஒரு பதில் சொல்லணும். தப்பா நினைக்காத," என்றார்.

*

புதன்கிழமை மொரப்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனார்கள். இளம்பரிதி மடிக்கணினிப் பையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தான்.

"அக்கா, கோவமா?"

"உன் மேல கோவப்பட்டு நான் என்ன பண்ணப் போறேன்? நல்லா எழுதறே. எழுது. என் நாற்காலியில குந்தி எழுதாத, அவ்வளவுதான்."

"அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. எனக்கு வேணாம்."

"அது நான் ஆட்டறது. தூக்கம் வந்தா ஆட்டுவேன்."

ஆலை வாசலில் டிராக்டர்கள் சாலை வரை நின்றன. தொட்டி தொட்டியாகக் கிளிமூக்கு மாங்காய். சிலர் தென்னங்கீற்றை மேலே போட்டிருந்தார்கள், சிலர் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார்கள். எடைமேடை அறை இரண்டு ஆள் நிற்கிற அளவு. உள்ளே முனியப்பன். இரும்புக் கோலில் குண்டைத் தள்ளி எடை பார்த்த காலத்திலிருந்தே இந்த மேடையில் இருக்கிற மனிதர். ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் ஈரத்துண்டு.

"வா பாப்பா. உன் மிஷினு மாங்காயைப் பழுக்க வெச்சுட்டுத்தான் எடை போடுது," என்றார்.

பானுமதி வந்து நின்றார். கையில் வாக்கிடாக்கி. "பழசு, புதுசு எதுன்னாலும் எனக்குக் கவலையில்லை. புதுசு கொண்டாந்திருக்கீங்கன்னு உங்க சார் சொன்னாரு. மொதல்ல அதைப் போடுங்க."

இளம்பரிதி உள்ளே போய் கம்ப்யூட்டர் பெட்டி இருந்த மேசைக்கு அடியில் உட்கார்ந்தான். மடிக்கணினியிலிருந்து தன் சி ஷார்ப் புரோகிராமை அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினான். திரையமைப்பைப் பூவிழியுடையதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தான், அதே பொத்தான்கள் அதே இடத்தில். அறையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பூவிழி வெளியே, விவசாயிகள் நிற்கிற ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஏழு வருடத்தில் அவள் அந்தப் பக்கத்திலிருந்து தன் திரையைப் பார்த்ததே இல்லை. புரோகிராமைப் போட்டுக்கொடுத்தது சீசன் இல்லாத ஒரு மாதத்தில். அன்று மேடையில் ஒரு ஆடு மட்டும் நின்றது.

முதல் டிராக்டர் ஏறியது. திரையில் மணல்கடிகாரம் சுழன்றது. சுழன்றது. டிராக்டர்காரர் பீடி பற்றவைத்துப் பாதி குடித்தார். நாற்பத்து நான்கு நொடி.

"இது புதுசா?" என்றார் பானுமதி.

மேசைக்கு அடியிலிருந்து இளம்பரிதியின் குரல் வந்தது. "மொத ஓட்டம் மேடம். கணக்குல வராது. அடுத்தது பாருங்க."

அடுத்த டிராக்டர். நாற்பத்து மூன்று நொடி.

"இது ரெண்டாவது," என்றார் பானுமதி.

இளம்பரிதி அடியில் வயர்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான்.

பூவிழிக்கு ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது, அதை மறைக்க முடியாது. சி ஷார்ப்பும் அதே சேற்றில்தான் நிற்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு மாங்காயைக்கூட உள்ளே அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமை ஓசூர்க்காரர்கள் வந்தால் இரண்டு பாஷையும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போகும்.

அடுத்து ஏறியது தீர்த்தகிரி என்ற விவசாயியின் டிராக்டர். மாங்காயைக் கொட்டிவிட்டுக் காலி எடைக்கு வந்தவர். இறங்கி நேராக ஜன்னலுக்கு வந்து, பூவிழியை முழங்கையால் லேசாக ஒதுக்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துத் திரையைக் கூர்ந்து பார்த்தார்.

உள்ளே முனியப்பன் கடனே என்று கத்தினார். "சைபர் பாத்துக்குங்க!"

கத்திக்கொண்டே அவர் கை என்ன செய்தது என்பதை அப்போதுதான் பூவிழி பார்த்தாள். கம்ப்யூட்டர் எலியைத் திரையின் வலது மேல் மூலைக்குத் தள்ளி, பெருக்கல் குறியை அமுக்கினார். புரோகிராம் மூடிக்கொண்டது. மறுபடி இரண்டு தட்டுத் தட்டித் திறந்தார். மணல்கடிகாரம் சுழன்றது. நாற்பத்து இரண்டாவது நொடியில் புத்தம்புதுத் திரை வந்தது, எல்லாக் கட்டத்திலும் சுத்தமான சைபர். தீர்த்தகிரி தலையை ஆட்டினார். "போடு," என்றார். எடை போட இரண்டு நொடி ஆனது.

ஒவ்வொரு வண்டிக்கும் அடுப்பை அணைத்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புதிதாகப் பற்றவைத்துக் களி கிண்டியிருக்கிறார் மனிதர். அந்தக் கம்ப்யூட்டரும் லேசுப்பட்டதில்லை. இந்த சீசனில் புதிதாக ஏற்றிய, வைரஸ் பார்க்கிற காவல்காரன் ஒருவன் ஒவ்வொரு திறப்புக்கும் மூலை முடுக்கெல்லாம் சோதனை போட்டான். அலுவலகத்தில் மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் போட்ட அந்த முதல் ஓட்டம்தான் இங்கே ஒரு நாளைக்கு இருநூறு தடவை நடந்துகொண்டிருந்தது.

"முனியப்பண்ணா," என்றாள் ஜன்னல் வழியாக. "எதுக்குங்க அதை மூடித் திறக்கறீங்க?"

"மூடாம? சைபர் காட்ட வேணாமா?"

"எப்பத்துலேர்ந்து?"

"ரெண்டு சீசனா. இவரைக் கேளு." துண்டால் தீர்த்தகிரியைக் காட்டினார். "இவருதான் ஆரம்பிச்சு வெச்சாரு."

தீர்த்தகிரி தயங்கவில்லை. "ஆமா. நான்தான். முன்ன இரும்புக் கோலு இருந்தப்ப ஒவ்வொரு வண்டிக்கும் குண்டை இந்தக் கோடிக்குத் தள்ளி, சைபர் பாத்துக்கோன்னு காட்டுவாரு. நீங்க கம்ப்யூட்டர் வெச்சீங்க. முந்தின வண்டிக்காரன் எடை அப்படியே குந்திக்கிட்டு இருக்குது! நான் காலி வண்டியை ஏத்தறேன், அங்க அவன் எடை நிக்குது. அவன் எடையில கொஞ்சம் என் காலி வண்டி மேல ஒட்டிக்கிட்டா என் மாங்கா இல்ல குறையும்? அதான், அழிச்சுட்டுப் போடுன்னேன்."

"அது ஒட்டாதுங்க," என்றான் இளம்பரிதி, மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி. "அது சும்மா காட்டறது. உள்ள வேற எடத்துல—"

"உள்ள இருக்கறது உனக்குத் தெரியும் தம்பி. எனக்குக் கண்ணுக்குத் தெரியறதுதான் தெரியும்."

அந்தப் பழைய எடையைத் திரையில் நிற்க வைத்தது பூவிழிதான். சீட்டு சிக்கிக்கொண்டால் மறுபடி அடிக்க வசதியாக இருக்குமே என்று யோசித்து வைத்தது. அடிக்கிறவனுக்கு வசதி. நிற்கிறவனைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் அம்மா குவாரியில் ஒவ்வொரு லாரிக்கும் ஏற்றும் முன் பக்கப் பலகையைச் சாண் போட்டு அளப்பாள். ஒரு பலகை கூடுதலாக வைத்துவிட்டால் அதே கூலிக்கு அரை வண்டிக் கல் அதிகம் போய்விடும். டிரைவர்கள் சிரிப்பார்கள். அம்மா அளப்பாள். தினம் பார்த்து வளர்ந்தவள் எழுதிய புரோகிராம் இது.

"தப்பு என்னுதுங்க," என்றாள்.

தீர்த்தகிரி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வாக்கியம் வீணாயிற்று. "சரி, அப்ப சரி பண்ணு," என்றார், சற்று ஏமாற்றத்தோடு.

*

காவலாளி அறைக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். பூவிழி தன் பென்டிரைவைக் கொடுத்தாள். அதில் ஏழு வருட வி.பி. இருந்தது. இளம்பரிதியின் மடிக்கணினி இரண்டு பாஷையையும் ஒரே ஜன்னலில் திறந்தது.

"நீ சைபர் திரையை எழுது. நான் என்னுதுல பழைய எடையை எடுத்துடறேன்," என்றாள்.

"இருக்கறது ஒரு கீபோர்டு. வி.பி.யிலயே எழுதட்டுமாக்கா?"

"உனக்கு எது வேகமா வருதோ அதுல எழுது. மாட்டிக்கலாம்."

அவன் விரல்கள் பறந்தன. சீட்டு அடித்து முடித்த உடனே திரை முழுக்க ஒரே எண், ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்குத் தெரிகிற அளவில். அவன் அதில் பெரிதாக ஒரு சைபரை எழுதினான். பூவிழி அவன் கையைத் தட்டினாள்.

"படம் வரையாத. மேடையிலேர்ந்து வர்ற எண்ணைக் காட்டு. ஒரு நாய் ஏறி நின்னா நாய் எடை காட்டணும்."

"நாய்க்கு இந்த மேடை அசையாதுக்கா. பத்துப் பத்துக் கிலோவாத்தான் காட்டும்."

"அப்ப பத்துக் கிலோ நாய்."

அவன் எழுதியதை அவள் தன்னுடையதோடு கோத்தாள். பழைய எடை திரையை விட்டுப் போய், 'கடைசிச் சீட்டை மறுபடி அடி' என்று ஒரு சின்னப் பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்தது. கடைசியாக, வலது மேல் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அவள் எடுத்துவிட்டாள். நாற்பது நிமிடம். அதற்குள் முனியப்பன் பழையபடி மூடித் திறந்து பதினைந்து வண்டியை அனுப்பியிருந்தார்.

புதியதை ஏற்றிக் காலையில் ஒரு முறை திறக்கிற மாதிரித் திறந்தார்கள். நாற்பது நொடி. பிறகு முழ உயரத்துக்கு ஒரு சைபர் திரையில் வந்து நின்றது.

தீர்த்தகிரி இன்னும் போகவில்லை. டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு இதைப் பார்ப்பதற்கென்றே நின்றிருந்தார். யாரையும் கேட்காமல் நடந்து போய்க் காலி மேடையின் நடுவில் ஏறி நின்றார். திரையில் சைபர் போய் எழுபது வந்தது. இறங்கினார். சைபர். மறுபடி ஏறினார். எழுபது.

"சாப்பிட்டுட்டு வந்து ஏறுங்க, எண்பது காட்டும்," என்றார் முனியப்பன். "இறங்குங்க, பின்னாடி வண்டி நிக்குது."

அடுத்த வண்டி நான்கு நொடியில் போனது. அதற்கடுத்தது மூன்றில். பானுமதி தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார், திரையையும் பார்த்தார், சாலையில் நகரத் தொடங்கிய வரிசையையும் பார்த்தார். "ஓசூர்க்காரங்க கார்டை எங்க வெச்சேன்னு தெரியலை," என்று சொல்லிவிட்டு வாக்கிடாக்கியில் யாரையோ திட்டிக்கொண்டே உள்ளே போனார்.

மாதவராஜின் போன் இளம்பரிதிக்கு வந்தது. அவன் ஸ்பீக்கரைப் போட்டான். அலுவலகப் பழக்கம்.

"பானுமதி மேடம் இப்பதான் பேசினாங்க! பறக்குதாமே! சி ஷார்ப்பைப் போட்டுட்டியா? நான் சொல்லலை?"

இளம்பரிதி பூவிழியைப் பார்த்தான். ஒரு 'ஆமாங்க' சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. போனை அவள் பக்கம் நீட்டினான்.

"போடலைங்க," என்றாள் பூவிழி. "சி ஷார்ப்பையும் போட்டுப் பாத்தோம், அதுவும் முக்கா நிமிஷம் நின்னுச்சு. இப்ப ஓடறது என்னுதுதான். தப்பும் என்னுதுதான். நான் வெச்ச ஒரு திரையால இங்க ஒவ்வொரு வண்டிக்கும் மூடி மூடித் திறந்திருக்காங்க. அதை மாத்திட்டோம்."

"மாத்தினது யாரு?"

"சைபர் இளம்பரிதி எழுதினதுங்க, சி ஷார்ப்புல. அது என் வி.பி.க்குள்ள குந்தியிருக்குது."

"ரெண்டு பாஷையும் ஒண்ணா ஓடுமா?"

"ஒரே மாவுதானேங்க."

பூவிழி மேடைப் பக்கம் திரும்பினாள். இரண்டு வண்டி ஏறி இறங்கின.

"அப்ப வாசல் மேசைக்கு யாரு?" என்றார் மாதவராஜ்.

"நான் இல்லைங்க," என்றாள்.

"நானும் இல்லைங்க சார்," என்றான் இளம்பரிதி.

"அது சரி." அவர் பெருமூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. "அந்த போனை நானே எடுத்துக்கறேன். எந்தப் பாஷையும் தெரியாதவன் இங்க நான் ஒருத்தன்தானே. நீ உன் நாற்காலியிலயே உக்காரு. ஆனா ஒண்ணு, இனிமே சீசன்ல ஒரு நாள் போய் வெளிய நின்னு பாத்துட்டு வந்து எழுது."

"அதைத்தான் நானும் நினைச்சேங்க."

போனை வைத்ததும் இளம்பரிதி சொன்னான், "நாற்காலி காலைச் சரி பண்ணிக்குங்கக்கா. இனிமே தூக்கம் வராது."

எடைமேடை அறைக்குள் முனியப்பன் ஒரு வண்டியை முடித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வண்டி இறங்கியதும் திரையில் தானாகவே சைபர் வந்து நின்றது. அவர் வலது கை மட்டும் பழக்கத்தில் எலியை மேல் மூலைக்குத் தள்ளியது. அங்கே ஒன்றும் இல்லை. மூலையில் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இருபது வருடக் குரலில் கத்தினார்.

"சைபர் பாத்துக்குங்க!"